தெரியாது என்று சொல்லத் தெரிந்த கருவி

ஒரு தொட்டியில் எவ்வளவு திரவம் இருக்கிறது என்பது எந்தக் கருவிக்கும் நேரடியாகத் தெரியாது. குழாயில் எவ்வளவு ஓடுகிறது என்பதும் அப்படித்தான். கன்ட்ரோல் ரூம் திரையில் 'மட்டம் 64 சதவீதம்' என்று வருவதற்குப் பின்னால் வேறு ஏதோ ஒன்று அளக்கப்பட்டிருக்கிறது. தொட்டியின் அடியில் ஒரு மெல்லிய உலோகச் சவ்வு அழுத்தத்தில் எவ்வளவு வளைந்தது, கூரையிலிருந்து போன ரேடார் அலை திரும்பி வர எவ்வளவு நேரம் பிடித்தது, திரவத்தில் தொங்கும் உருளை எவ்வளவு எடை குறைந்தது, இவற்றில் ஒன்று. அதை வைத்து, மட்டம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று கருவி ஊகம் செய்கிறது. அந்த ஊகம் சில நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. திரவத்தின் அடர்த்தி மாறவில்லை, மேற்பரப்பில் நுரை இல்லை, அழுத்தத்தைக் கொண்டுவரும் சின்னக் குழாய் அடைக்கவில்லை, உணரியின் மேல் படிவு ஏறவில்லை. நிபந்தனைகள் உடைந்துபோன பிறகும் எண் திரையில் நிற்கும். அதே நிறத்தில், அதே எழுத்தில், அதே நிதானத்தில்.

இதனால்தான் ஓட்ட, மட்ட உணரிகளில் பழுது கண்டுபிடிப்பது வெறும் மின்சார வேலை இல்லை என்று நினைக்கிறேன். செத்துப்போன கருவியை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம். உயிரோடு இருந்துகொண்டு நம்பும்படியாகத் தவறு சொல்லும் கருவியைக் கண்டுபிடிக்க வேறு ஒரு மனப்பழக்கம் வேண்டும்.

வெப்பச் சிதறல் முறையில் இயங்கும் ஒரு சின்ன உணரியை எடுத்துக்கொள்வோம். ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்கவும் மட்டம் ஏறிவிட்டதா என்று பார்க்கவும் இந்த ஒரே வகைக் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். குழாய்க்குள்ளோ தொட்டிக்குள்ளோ இரண்டு மெல்லிய உலோகத் தண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் உள்ளேயும் பிளாட்டினத்தால் ஆன ஒரு ஆர்டிடி, அதாவது வெப்பம் ஏற ஏற மின்தடை கூடும் வெப்பமானி. ஒரு தண்டை மட்டும் குட்டி ஹீட்டர் ஒன்று சூடாக்கும். இன்னொன்று சுற்றியிருக்கும் பொருளின் வெப்பநிலையிலேயே இருக்கும். சுற்றிலும் காற்று என்றால் சூடான தண்டு சூடாகவே கிடக்கும். இரண்டுக்கும் நடுவே வெப்பநிலை வித்தியாசம் பெரிதாக இருக்கும். தண்ணீர் வந்து தொட்டதும் அந்தச் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பம் கடத்துவது தண்ணீர். வித்தியாசம் சட்டென்று சுருங்கும். தண்ணீர் ஓடத் தொடங்கினால் இன்னும் சுருங்கும். அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. எளிமையான, அழகான யோசனை.

இப்போது அந்தத் தண்டுகளின் மேல் உப்புப் படிவு ஏறுகிறது என்று வையுங்கள். படிவு ஒரு போர்வை. தண்ணீர் சுற்றிலும் இருந்தாலும் சூடு வெளியே போக முடியாது. வித்தியாசம் பெருகும். கருவி 'காய்ந்திருக்கிறது' என்றோ 'ஓட்டம் இல்லை' என்றோ சொல்லும். இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு. ஹீட்டர் அறுந்துபோனால் இரண்டு தண்டுகளும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். வித்தியாசம் பூஜ்யம். கருவி 'நனைந்திருக்கிறது', 'நல்ல ஓட்டம்' என்று சொல்லும்.

எது ஆபத்து? பம்ப் வறண்டு ஓடாமல் காப்பதற்காக இந்த உணரி குழாயில் இருந்தால், படிவு ஏறியபோது பம்ப் தேவையில்லாமல் நிற்கும். உற்பத்திப் பிரிவுக்காரர்கள் கோபப்படுவார்கள், அவ்வளவுதான். ஹீட்டர் அறுந்தால்தான் பம்ப் வறண்டு ஓடித் தீய்ந்துபோகும். அதே உணரி தொட்டி வழியாமல் காப்பதற்காக உச்சியில் இருந்தால் கதை அப்படியே தலைகீழ். படிவு ஏறிய உணரி, திரவம் வந்து மூழ்கடித்த பிறகும் 'இன்னும் வரவில்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஒரே பழுது, ஓரிடத்தில் தொந்தரவு, இன்னோரிடத்தில் உயிராபத்து. நல்ல கருவிகள் ஹீட்டர் அறுந்ததைத் தாமாகவே கண்டுபிடித்து அலாரம் கொடுக்கின்றன. ஆனால் 'இந்தக் கருவி கெட்டால் என்ன ஆகும்' என்ற கேள்விக்கு முழுப் பதில் எந்தக் கையேட்டிலும் இருக்காது. பாதிப் பதில் அது மாட்டியிருக்கும் இடத்தில் இருக்கிறது.

தேர்ந்த டெக்னீஷியன் ஒருவர் தொட்டி உச்சியில் இருக்கும் இந்த உணரியிடம் வரும்போது என்ன செய்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். முதலில் கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லி, அனுமதி வாங்கி, உணரியின் சொல்லைக் கேட்டுத் தானாக நிறுத்தும் இன்டர்லாக்கை பைபாஸ் போடுகிறார். மூடியைத் திறந்ததும் மல்டிமீட்டரை எடுப்பதில்லை, கண்ணால் பார்க்கிறார். கேபிள் நுழையும் இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறதா, டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறதா? பிறகு மின்சாரத்தை நிறுத்தி, வயர்களைக் கழற்றி, இரண்டு ஆர்டிடிகளின் மின்தடையை அளக்கிறார். ஆயிரம் ஓம் வகை என்றால் 30 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 1117 ஓம் காட்ட வேண்டும். ஹீட்டர் ஆறிய பிறகு இரண்டும் ஒரே அளவைச் சொல்ல வேண்டும். ஒன்று முடிவிலி காட்டினால் உள்ளே அறுந்திருக்கிறது. இரண்டும் சரி என்றால் இன்சுலேஷன், சப்ளை வோல்ட்டேஜ், வெளியே போகும் சிக்னல் என்று ஒவ்வொரு கண்ணியாகப் போகிறார். கடைசியில் உணரியை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் முக்குகிறார். கன்ட்ரோல் ரூமில் அலாரம் அடிக்கிறதா என்று வாக்கி டாக்கியில் கேட்கிறார். வெளியே எடுக்கிறார். அலாரம் போய்விட்டதா என்று கேட்கிறார்.

இந்த வாளித் தண்ணீரின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. மல்டிமீட்டர், கம்பிகள் சரி என்று சொல்லும். வாளித் தண்ணீர்தான், இந்தக் கருவி தண்ணீரை அறிகிறது என்று சொல்லும். டெர்மினலில் செயற்கையாக சிக்னல் கொடுத்து, திரையில் எண் மாறுவதைப் பார்த்துவிட்டு 'காலிபரேஷன் முடிந்தது' என்று கையெழுத்திடும் வழக்கம் நம் ஆலைகளில் பரவலாக இருக்கிறது. அது டெர்மினலிலிருந்து திரை வரைக்கும் உள்ள பாதையைச் சோதித்தது. திரவத்திலிருந்து டெர்மினல் வரைக்கும் உள்ள பாதையை யாருமே சோதிக்கவில்லை. பெரும்பாலான பழுதுகள் குடியிருப்பது அந்தப் பாதையில்தான்.

வாளியில் முக்கிப் பார்த்ததோடும் வேலை முடியவில்லை. அந்த நேரம் பார்த்து வாக்கி டாக்கியில் ஒரு குரல் வரும்: "அண்ணே, இப்ப சரியா காட்டுது, விட்டுருங்க, லைன் எடுக்கணும்." கருவி ஏன் கெட்டது என்று தெரிவதற்கு முன்னால் அது சரியாகிவிட்டால், பழுது தீரவில்லை, ஒளிந்துகொண்டது என்று பொருள். தட்டினால் சரியாகும் கருவி, ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகும் கருவி, இவைதான் என்னைப் பயமுறுத்துபவை.

உதாரணத்துக்கு, இங்கிலாந்தில் லண்டனுக்கு வடக்கே ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் ஊருக்கு அருகில் பன்ஸ்ஃபீல்ட் எரிபொருள் கிடங்கு. அங்கே 912 என்ற எண் கொண்ட பெட்ரோல் தொட்டி. 25 மீட்டர் விட்டம், ஏறக்குறைய 60 லட்சம் லிட்டர் கொள்ளளவு. அதன் மட்டமானி ஒரு கம்பியில் எடையைத் தொங்கவிட்டு, திரவத்தின் மேற்பரப்பை மோட்டாரால் தொடர்ந்து பின்பற்றும் வகை. 2005 ஆகஸ்ட் 31 அன்று பராமரிப்பு முடிந்து தொட்டி மறுபடி வேலைக்கு வந்தது. அதிலிருந்து டிசம்பர் 11 வரை அந்த மட்டமானி 14 முறை சிக்கிக்கொண்டு நின்றது. சில முறை மேற்பார்வையாளர்களே எடையை உச்சி வரைக்கும் தூக்கி மறுபடி இறக்கிவிட்டார்கள், வேலை செய்தது. சில முறை ஒப்பந்த நிறுவனத்து ஆட்கள் வந்து பார்த்தார்கள், வேலை செய்தது. ஏன் சிக்குகிறது என்பது கடைசி வரை கண்டுபிடிக்கப்படவில்லை. சிக்கியதெல்லாம் பதிவேட்டில் ஏறவும் இல்லை.

டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 3 மணி தாண்டிச் சில நிமிடங்களில் அது மறுபடி நின்றது. தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியிருப்பதாகத் திரை காட்டியது. அதே நேரத்தில் பைப்லைன் வழியாக மணிக்கு 550 கன மீட்டர் பெட்ரோல் உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்த விட்டத்துக்கு மணிக்கு ஒரு மீட்டருக்கும் மேல் மட்டம் ஏறியிருக்க வேண்டும். திரையில் கோடு அசையவில்லை.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். உண்மையான திரவத்தை அளக்கும் எண் எப்போதும் கொஞ்சம் நடுங்கும். பம்ப் அதிரும், மேற்பரப்பு அலையும், கடைசி இலக்கம் ஒன்று ஏறி ஒன்று இறங்கும். டிரெண்ட் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக ஓடினால், அனுபவமுள்ள ஆபரேட்டருக்கு வயிற்றைக் கலக்கும். வேறுபாட்டு அழுத்தத்தால் ஓட்டத்தை அளக்கும் டிரான்ஸ்மிட்டர்களிலும் இதுவே அடையாளம்: இம்பல்ஸ் லைன் எனப்படும், அழுத்தத்தைக் கொண்டுவரும் சின்னக் குழாய் அடைத்தால், எண் தவறாவதற்கு முன்னாலேயே அதன் நடுக்கம் அடங்கிவிடக்கூடும். உள்ளே வருவதை ஒரு மீட்டர் சொல்கிறது, ஏறவில்லை என்று இன்னொரு மீட்டர் சொல்கிறது என்றால், இரண்டில் ஒன்று பொய். எது என்று தெரியாதவரை உள்ளே வருவதை நிறுத்த வேண்டும். பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் பன்ஸ்ஃபீல்டில் உள்வரும் பைப்லைனின் ஓட்டத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தவும் கவனிக்கவும் கன்ட்ரோல் ரூமுக்குப் போதுமான வசதி தரப்படவில்லை. ஒரே இரவில் பல தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வரவே இல்லை.

அலாரம் இல்லையா? இருந்தன. உயர்மட்டம், மிக உயர்மட்டம் என்று அடுக்கடுக்காக இருந்தன. அத்தனையும் சிக்கிக்கொண்ட அதே மட்டமானியின் எண்ணைக் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். ஒரே சாட்சியிடம் மூன்று முறை விசாரித்துவிட்டு மூன்று சாட்சிகள் என்று எழுதிக்கொண்டதற்குச் சமம். தனியாக, அந்த எண்ணைச் சாராமல், உச்சியில் ஒரு சுவிட்ச் இருந்தது. மட்டம் அங்கே எட்டினால் உள்வரவை அதுவே அடைத்துவிட வேண்டும். அதில் சோதனைக்காக ஒரு நெம்புகோல். அதை வேலை செய்யும் நிலையில் பிடித்து வைக்க ஒரு பூட்டு. கண்டவர்கள் கை வைக்காமல் இருப்பதற்கான பூட்டு என்று பொருத்தியவர்கள் புரிந்துகொண்டார்கள். பூட்டு போடப்படவில்லை. பூட்டில்லாமல் அந்தச் சுவிட்ச் வேலை செய்யாது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவும் இல்லை.

5.37 மணியளவில் தொட்டி வழியத் தொடங்கியது. இரண்டரை லட்சம் லிட்டருக்கும் மேல் பெட்ரோல் வெளியே கொட்டியது. பனிபோல் ஒரு மேகம் தரையோடு பரவுவதை முதலில் பார்த்தவர்கள் லாரிகளோடு காத்திருந்த டிரைவர்கள். கருவி எதுவும் பார்க்கவில்லை. அவர்கள் போய்ச் சொன்ன பிறகு 6.01க்கு அபாயப் பொத்தான் அழுத்தப்பட்டது, மேகம் வெடித்தது. தீயணைப்புத் தண்ணீர் பம்ப் ஓடத் தொடங்கியதில் எழுந்த பொறியே மேகத்தைப் பற்றவைத்திருக்கலாம் என்பது விபத்தை ஆராய்ந்த அறிக்கையின் கருத்து. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். ஞாயிறு அதிகாலை என்பதால் பக்கத்து அலுவலகங்கள் காலியாக இருந்தன, ஒருவரும் சாகவில்லை.

அதே ஆண்டு மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. வெடிவிபத்தில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். அங்கே 170 அடி உயரக் கோபுரம் ஒன்றின் மட்டமானி, அடிப்பகுதியின் ஒன்பது அடிக்குள் மட்டுமே அளக்கக் கூடியது. திரவத்தில் தொங்கும் உருளையின் எடைக் குறைவை வைத்து மட்டம் சொல்லும் வகை. உருளை முழுதும் மூழ்கிய பிறகு மட்டம் எவ்வளவு ஏறினாலும் அதற்குத் தெரியாது. மேலே ஏறிய திரவத்தைச் சூடாக்கினார்கள். சூட்டில் அடர்த்தி குறைந்தது. அடர்த்தி குறைந்ததால் உருளையை மேலே தள்ளும் விசை குறைந்தது. விசை குறைந்ததை, மட்டம் குறைவதாகக் கருவி வாசித்தது. கோபுரத்தில் 158 அடி வரைக்கும் திரவம் நின்றபோது திரை 78 சதவீதம் காட்டிக்கொண்டு மெல்ல இறங்கியது. அதாவது எட்டடிக்கும் குறைவு. தனியாக இருந்த உயர்மட்ட அலாரம் அடிக்கவில்லை. கண்ணால் பார்ப்பதற்காக வைத்த கண்ணாடிக் குழாய் அழுக்கேறிக் கிடந்தது. இயக்கத்தைத் தொடங்குமுன் நடக்க வேண்டிய கருவிச் சோதனைகள் முழுமையாக நடக்கவில்லை.

அந்த மட்டமானி ஒரு பொருளில் பழுதே ஆகவில்லை என்பதுதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. அது தன் வேலையைச் செய்தது. விசையை அளந்தது. அந்த விசையை மட்டமாக மாற்றிப் படித்தது நாம். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணு உலையிலும் இதே கதைதான். ஒரு வால்வு மூடாமல் நின்றுவிட்டது. பேனலில் இருந்த விளக்கோ, மூடு என்ற கட்டளை போய்விட்டதை மட்டுமே காட்டியது. வால்வு கீழ்ப்படிந்ததா என்பதைக் காட்டவில்லை. கட்டளையும் கீழ்ப்படிதலும் ஒன்று என்று விளக்கைப் பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் எடுத்துக்கொள்ளும்படி அதை அமைத்திருந்தார்கள்.

ஆலைக் கருவிகளின் வரலாற்றில் நான் மிகவும் போற்றும் யோசனை ஒன்று உண்டு. அளவீட்டைக் கம்பியில் அனுப்பும்போது பூஜ்யத்துக்குப் பூஜ்யம் மின்னோட்டம் அனுப்புவதில்லை. 4 மில்லியாம்பியர் என்றால் தொட்டி காலி, 20 என்றால் முழுது. காற்றழுத்தத்தால் சிக்னல் அனுப்பிய காலத்திலும் இதே ஏற்பாடுதான். 3 பிஎஸ்ஐ காலி, 15 முழுது. காரணம் மிக எளியது. கம்பி அறுந்தால் மின்னோட்டம் பூஜ்யம் ஆகும். பூஜ்யமே 'காலி' என்பதற்கும் அடையாளமாக இருந்தால், அறுந்த கம்பியும் காலித் தொட்டியும் ஒன்றுபோலத் தெரியும். 4 என்று வைத்ததால், 'ஒன்றும் இல்லை' என்பதும் 'எனக்குத் தெரியவில்லை' என்பதும் வெவ்வேறு செய்திகள் ஆகிவிட்டன. பின்னாளில் இன்னும் ஒரு படி போய், கருவி தன்னுள்ளே பழுதை உணர்ந்தால் மின்னோட்டத்தை வேண்டுமென்றே 3.6க்குக் கீழேயோ 21க்கு மேலேயோ கொண்டுபோக வேண்டும் என்று விதி வகுத்தார்கள். நம்பாதே என்று கருவி தானே சொல்வதற்கு ஒரு தனி இடத்தை ஒதுக்கி வைத்தார்கள்.

கருவிக்கு ஒதுக்கிய அந்த இடத்தை மனிதர்களுக்கு நாம் ஒதுக்கவில்லை. 'இந்த எண்ணை நான் நம்பவில்லை, நிறுத்துங்கள்' என்று சொல்லும் ஆபரேட்டருக்கு ஆலையில் என்ன நடக்கிறது? உற்பத்தி போன கணக்கு அவர் பெயரில் எழுதப்படும். எண்ணை நம்பி ஓட்டியவருக்கு எந்தக் கேள்வியும் வராது, விபத்து நடக்கும் வரை. நடந்த பிறகு 'ஆபரேட்டரின் தவறு' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பன்ஸ்ஃபீல்ட் மட்டமானி 14 முறை சிக்கியபோது, பார்த்தவர் ஒவ்வொருவருக்கும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தே இருந்தது. 'என்ன என்று தெரியவில்லை' என்று எழுதி வைக்க ஓர் இடமும், அதை வாசிக்க ஓர் ஆளும், தெரியும்வரை தொட்டியைப் பயன்படுத்தாமல் வைக்க ஓர் அதிகாரமும் இல்லை. ஷிப்ட் மாறியது. அடுத்து வந்தவருக்கு அது முதல் முறை சிக்கியதாகவே இருந்தது.

பழுது கண்டுபிடிப்பதன் முதல் படி அறிவு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது: திரையில் எண் தெளிவாக நிற்கும்போதே, 'எனக்குத் தெரியாது' என்று ஒரு மனிதர் வாய்விட்டுச் சொல்ல முடிவது. அதைச் சொல்ல முடியாத இடத்தில் மூன்று டிரான்ஸ்மிட்டர் போட்டாலும் ஒன்றுதான். சொல்ல முடிந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் போதும்.

ஆலை நடத்துபவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தொட்டிகளில் எந்த உயர்மட்ட அலாரம் மற்ற மட்டமானியைச் சாராமல் தனியாக நிற்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். அதை டெர்மினலில் சிக்னல் கொடுத்துச் சோதிக்காதீர்கள். உணரியிலிருந்து வால்வு அடைபடும் வரை முழுவதும் சோதியுங்கள். தானாகச் சரியான பழுதுகளுக்கென்று ஒரு பதிவேடு வைத்து, ஒவ்வொரு மாதமும் நீங்களே வாசியுங்கள். ஒரே கருவியின் பெயர் இரண்டாம் முறை வந்தால், காரணம் தெரியும்வரை அதைச் சரியான கருவி என்று கணக்கில் சேர்க்காதீர்கள். ஐடிஐயில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் படித்துவிட்டு உங்களிடம் வந்திருக்கும் இளைஞர், "சார், சரியாயிடுச்சு, ஆனா ஏன்னு தெரியல" என்று சொன்னால், அவருக்கு இன்னும் ஒரு மணி நேரம் கொடுங்கள்.